தரையைப் பார்த்து நடந்தால் தெரியும் நெட்டைக்காலி

நீலகிரி நெட்டைக்காலியைத் தேடுபவர்கள் அண்ணாந்து பார்த்துப் புண்ணியமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தச் சின்னப் பறவை, புல் கொத்துகளுக்கு இடையே குடுகுடுவென ஓடி, சட்டென்று நின்று, ஒரு பூச்சியைக் கொத்திவிட்டு மறுபடி ஓடும். பழுப்பு முதுகில் அடர்ந்த கருங்கோடுகள், அதனால் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தட்டுப்படாது. விரட்டினால்தான் பக்கத்துப் புதரில் போய் உட்காரும். வயல்களில் பார்க்கும் நெட்டைக்காலியும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் இதற்கு விலாப்பக்கமும் கோடுகள் உண்டு.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை (வாட்டில்), தைல மரங்களை நட்டார்கள், அப்புறம் நம்மவர்களும் விடவில்லை. சீகை தானாகவே பரவுகிறது. நீலகிரியின் முக்கூர்த்தி, கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காக்கள் பக்கம் இன்னும் நல்ல புல்வெளி மிச்சமிருக்கிறது, அங்கே தேடுங்கள்.