நட்டாலம் முதல் கோட்டாறு வரை: தேவசகாயம் விலை கொடுத்த வழியில் ஒரு திருப்பயணம்

குமரி மாவட்டத்துக்குத் திருப்பயணம் வரும் வேன்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. காலையில் காற்றாடிமலை, மதியம் கோட்டாறு பேராலயம், சாயங்காலம் கன்னியாகுமரி. திருவிதாங்கூர் அரண்மனை ஊழியராக இருந்து, கிறிஸ்தவரானதற்காக உயிரை இழந்த புனித தேவசகாயம் சுடப்பட்ட இடத்தையும் அடக்கமான இடத்தையும் அரை நாளில் பார்த்துவிடலாம். ஆனால் அவர் உயிர்விட்டது 1752 ஜனவரி 14 என்ற ஒரு நாளில் என்றாலும், விலை கொடுக்கத் தொடங்கியது அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு. வேலை, வீடு, சொந்தபந்தம், மானம், உடம்பு என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில்தான் உயிர் போனது. அதனால் வரைபடத்தில் எந்த ஊர் பக்கம் என்று பார்க்காமல், அவர் வாழ்வில் எது முதலில் வந்தது என்ற வரிசையில் போவதுதான் சரி. வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும், கிலோமீட்டர் கூடும், வேன் ஓட்டுநர் முணுமுணுப்பார். இருந்தாலும் இரண்டு நாள் ஒதுக்கி இப்படியே போங்கள். நாகர்கோவிலில் தங்கிக்கொண்டால் எல்லா இடமும் கைக்கெட்டும் தூரம்தான்.

முதல் இடம் நட்டாலம். மார்த்தாண்டத்திலிருந்து சில கிலோமீட்டர். 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் என்ற பெயரோடு அவர் இங்கே பிறந்தார். கொஞ்சம் சுற்றிப் பார்த்தாலே அவர் எப்படிப்பட்ட உலகத்தில் வளர்ந்தார் என்பது புரிந்துவிடும். மகா சிவராத்திரிக்குக் கோவிந்தா, கோபாலா என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் முடிவது இந்தத் திருநட்டாலத்தில்தான். பின்னாளில் அவர் வேலை பார்த்த பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. பிறந்த ஊர், பிழைப்பு, பெயர் எல்லாம் ஒரே பக்தி மரபுக்குள் வேர் விட்டிருந்தன. வெறுமையிலிருந்து அவர் கிறிஸ்துவிடம் வரவில்லை. நிறைவான, மதிப்பான ஒரு வாழ்விலிருந்து வந்தார். இதை மனத்தில் வைக்காவிட்டால் மற்ற இடங்களில் கண்ணீர் வரும், கணக்குப் புரியாது. சிவராத்திரியை ஒட்டிய இரண்டு நாளில் மட்டும் இந்தப் பக்கம் பயணம் வைக்க வேண்டாம். சாலை முழுக்க ஓட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் நேர்த்திக்கு நம் வேன் குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்து தக்கலை வழியாகப் பத்மநாபபுரம். அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. பலர் இதைத் தெரியாமல் வந்து வாசலோடு திரும்புகிறார்கள். இங்கே அதிக நேரம் வேண்டாம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் நீலகண்டன் எத்தனை பெரிய இடத்தில் இருந்தார் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அங்கிருந்து பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது பிடிபட்ட டிலனாய் பிறகு அதே மன்னருக்குப் படைத்தலைவரானார். அவருடைய கல்லறை கோட்டைக்குள் பழைய சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். நீலகண்டனுக்கு அப்போது வீட்டில் அடிமேல் அடி. கால்நடை செத்தது, விளைச்சல் போனது, சொத்து கரைந்தது. டிலனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். இது ரொம்ப முக்கியம். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் “எங்கள் சாமியிடம் வா, எல்லாம் சரியாகிவிடும்” என்று அந்த மனிதர் சொல்லவில்லை. நீதிமானும் எல்லாவற்றையும் இழப்பான், இழந்த பிறகும் கடவுளை விடமாட்டான் என்றுதான் சொன்னார். விலையை மறைக்காமல் சொன்ன நற்செய்தி அது. இன்றைக்கு நம் கூட்டங்களில் கேட்கிற ஆசீர்வாத வாக்குறுதிகளை அந்தக் கல்லறைக்கு முன் நின்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மதியத்துக்கு மேல் கிழக்கே வடக்கன்குளம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, காவல்கிணறு வழியாகப் போக வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் வடசேரி பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி வண்டி ஏறும்போது, “எண்ட் டு எண்ட்” என்று போட்ட வண்டியில் ஏறிவிடாதீர்கள். அது வழியில் நிற்காது. சாதாரண வண்டியில் காவல்கிணற்றில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

இந்தப் பயணத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது வடக்கன்குளத்துக்குத்தான், ஆனால் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். 1745 மே 14 அன்று, சேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி இங்கே அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். பரஞ்சோதிநாதர் சுவாமி என்று நம் மக்கள் அழைத்தது அவரைத்தான். இலாசர் என்ற விவிலியப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது. ஏன் இவ்வளவு தூரம் வந்து? அன்று திருவிதாங்கூர் எல்லை ஆரல்வாய்மொழியோடு முடிந்தது. வடக்கன்குளம் எல்லைக்கு அப்பால். அரண்மனை ஊழியர் ஒருவர் திருவிதாங்கூருக்குள் இருந்து இதைச் செய்ய முடியாது. அதனால் அவர் எல்லை தாண்டி வந்து திருமுழுக்குப் பெற்றார். பிறகு எல்லைக்கு இந்தப் பக்கமே பாதுகாப்பாக இருந்துவிடவில்லை, திரும்பிப் போய்த் தன் வேலையில் அமர்ந்தார். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவராகவும் இருக்கவில்லை. எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகினார், கடவுள் முன் மனிதர் யாவரும் ஒன்று என்று பேசினார். அரசர் காதுக்கு இதெல்லாம் போகாமல் இருக்குமா? 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். குற்றச்சாட்டில் அரச துரோகம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

அவர் மனைவி பார்கவியம்மாளை மறந்துவிடாதீர்கள். கணவர் மாறியதும் தானும் மாற வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. முதலில் தயங்கினார், சொந்தக்காரர்களின் கோபத்துக்குப் பயந்தார். பிறகு அவரும் இதே ஊரில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்பதன் தமிழ் வடிவம் அது. கணவர் கொல்லப்பட்ட பிறகு பிறந்த மண்ணுக்குத் திரும்ப வழியில்லாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து இங்கேயே அடக்கமானார். பீடத்தில் அவருக்குச் சுரூபம் இல்லை, தோரணம் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் முழு மனதோடு இயேசுவைப் பின்பற்றினால், அதற்கான விலையில் பாதியை மற்றவர் கொடுக்கிறார். குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் இந்த ஊரில் ஒரு ஜெபமாலையை அவர் நினைவாகச் சொல்லுங்கள்.

இதே ஊரில் இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லாமல் போக முடியாது. 1872-இல் இங்கே எழும்பிய கோயிலை, பீடத்தில் சேர்ந்து வாசலில் பிரியும் இரண்டு கைகளாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் மற்றவர்கள். நடுவே சுவர். கால்சட்டைக் கோயில் என்றே பெயர் வந்தது. 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். சாதி பார்க்காமல் பழகியதற்காக அடிபட்ட மனிதர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே சாதிக்காக ஒரு சுவர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டுத் தேவசகாயம் என்று மட்டுமே அழைத்தார்கள். இங்கே முழங்காலில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி கடினமானது: நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில், நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், நம் பங்குப் பேரவைத் தேர்தலில் அந்தச் சுவர் இடிந்துவிட்டதா? சீடத்துவத்தின் செலவு நம் காலத்தில் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. துப்பாக்கி யாரும் நீட்டப் போவதில்லை. பெரியப்பா பேச மாட்டார், சித்தி கல்யாணத்துக்கு வரமாட்டார், அவ்வளவுதான். அந்த அளவுக்கே நாம் பின்வாங்கிவிடுகிறோம்.

இரண்டாம் நாள் காலை திரும்பவும் புலியூர்க்குறிச்சி. நேற்றுத் தாண்டிப் போன ஊர்தான். இன்று வருவது முட்டிடிச்சான் பாறைக்கு. சிறைப்பட்ட பிறகு அவரை எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து, கைகளைக் கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தினமும் அடி. காயத்திலும் மூக்கிலும் மிளகாய்த்தூள். வெயிலில் நிறுத்தி, குடிக்கக் கெட்டுப்போன தண்ணீர். இந்த இடத்தில் தாகம் தாங்காமல் ஜெபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் ஊறியது என்பது மரபு. பாறையில் சின்னக் குழி, அதில் தண்ணீர். பார்க்க எளிமையாக இருக்கும்; பெரிய சுனையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். கையளவு போதும். ஐந்து லிட்டர் கேனோடு வந்து நின்றால் பின்னால் நிற்பவருக்குக் கிடைக்காது. உள்ளே பூ, மெழுகு, நாணயம் எதுவும் போட வேண்டாம், நீர் கெட்டுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் வந்தது, கட்டு அவிழவில்லை. கடவுள் கொடுத்த உதவி அடுத்த அடியைத் தாங்குவதற்கு, தப்பிப்பதற்கு அல்ல. வேண்டுதல் சீட்டு எழுதுகிறவர்கள் இதை யோசித்து எழுதலாம்.

அடுத்து நாகர்கோவிலை ஒட்டிய பெருவிளை. கொலைத் தண்டனை நிறைவேற்றும் ஆராச்சாரின் பொறுப்பில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். பட்டுப்போன மரம் தளிர்த்தது என்றும், அந்த இலையை நோயாளிகள் வாங்கிப் போனார்கள் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுச் சிறைவாழ்வின் கனத்தை உணர இதுதான் பொருத்தமான இடம். மூன்று வருஷம் என்றால் ஆயிரம் காலைப்பொழுதுகளுக்கு மேல். ஒவ்வொரு காலையும் கிறிஸ்துவை மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. வீரம் ஒரு நாளைக்குப் போதும். இதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது. திருச்சபை அதைப் பொறுமை என்கிறது, வாய்க்கு எளிதான பெயர். இங்கே அவசரப்படாமல் ஒரு அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். குழுவாக வந்தால் ஒலிபெருக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிறகு காற்றாடிமலை. ஆரல்வாய்மொழி ரயில் நிலையமும் பக்கம்தான். மலையடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம்; அங்கே முதலில் ஜெபித்துவிட்டு மேலே ஏறுவது வழக்கம். ஏற்றம் பெரிதல்ல, ஆனால் பாறை பத்து மணிக்கே சுடும். செருப்பைக் கழற்றி ஏற நேர்ந்துகொண்டவர்கள் எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும் கணவாய் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மெழுகுவர்த்தி நிற்காது. தலைத்துணி, தாள், தொப்பி எல்லாம் பறக்கும். கண்ணாடிக் கூண்டு விளக்கு கொண்டுவந்தால் எரியும். அவர் கடைசியாக முழங்காலிட்ட பாறையில் முழங்கால், முழங்கை பதிந்ததாகக் காட்டும் பள்ளங்கள் இருக்கின்றன. குனிந்து பார்த்தால், ஒரு மனிதர் கட்டுண்டு முழங்காலிடும்போது முழங்கை எங்கே ஊன்றுமோ அந்த இடைவெளியில் இருக்கும். மணியடிச்சான் பாறையைச் சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணி போல ஒலிக்கும். மெதுவாக ஒருமுறை தட்டினால் போதும். நினைவுக்கென்று சில்லு பெயர்க்கிறவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.

இங்கே அவரைப் படைவீரர்கள் சுட்டார்கள். உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எச்சங்களைச் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் கோயிலுக்கு, அதாவது இன்றைய பேராலயத்துக்கு, கொண்டுவந்து பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். 1756-இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவு பதிவாகிவிட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவரை முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) என்று அறிவித்தபோது, அதே ஊர் மக்களின் வழிவந்தவர்கள் லட்சக்கணக்கில் கூடினார்கள்.

உடம்பில் பலம் இருந்தால் காற்றாடிமலையிலிருந்து கோட்டாற்றுக்கு நடந்தே வாருங்கள். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஜெபமாலை சொல்லிக்கொண்டு நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். ஆடி, ஆவணியில் காற்று முகத்தில் அறையும். மார்கழி, தை மாதங்களில் முதுகுப் பக்கம் வரும், நடக்க இதுவே நல்ல காலம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பழகிய செருப்பு, விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய். புதுச் செருப்போடு கிளம்பியவர்கள்தான் வெள்ளமடம் தாண்டுவதற்குள் காலில் கொப்புளத்தோடு பேருந்துக்கு நிற்பார்கள். கனரக வண்டிகள் ஓயாத சாலை, அதனால் வலப்பக்கமாக ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். முதல் ஆளும் கடைசி ஆளும் விளக்கு வைத்திருக்கட்டும். வழியில் தோவாளை பூச்சந்தை. கல்லறைக்கு மாலை இங்கே வாங்கிக்கொள்ளலாம். விடிவதற்குள் வந்தால் நல்ல பூ கிடைக்கும். திருநாள் ஜனவரி 14, பொங்கலோடு ஒட்டி வருவதால் அன்றைக்குப் பூ விலையும் பேருந்துக் கூட்டமும் உச்சியில் இருக்கும். கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு வாரம் தள்ளி வாருங்கள்.

கோட்டாற்றில் கல்லறைக்கு முன் கோரிக்கையை வைக்கும் முன்னால் ஒரு தாளை எடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னாரே, அந்தக் கணக்கை எழுதுங்கள். அலுவலகத்தில் வாங்காமல் விட வேண்டிய பணம், சாதி பார்க்காமல் பேச வேண்டிய சம்பந்தம், மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள், திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலம். பொதுவாக “நல்லவனாக இருப்பேன்” என்று எழுதினால் பயனில்லை; பெயர், தொகை, தேதி வேண்டும். ஒன்றே ஒன்று போதும், பத்து எழுதுகிறவர்கள் பத்தையும் விட்டுவிடுவார்கள். எழுதியதோடு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போய், அதைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவை ஒட்டிய பத்து நாளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருக்கும், மற்ற நாட்களில் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்க் கேட்டுப் பாருங்கள்.