டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டும் முன் அடாப்டரைப் பாருங்கள்

வீட்டு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக வீட்டில் எல்லாரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் டிஸ்க் பெட்டி) சிவப்பு விளக்கு எரிந்து "டிஸ்க் பழுது" என்று வந்ததும் உடனே புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடாதீர்கள், முதலில் அதன் அடாப்டரைப் பாருங்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தப் பெட்டியை நான் பிரித்து மேய்ந்த கதை, நேரமிருந்தால் படியுங்கள்.

பெட்டி ரொம்பப் பழசு. ராணிப்பேட்டையில் ஒரு ஆபீஸைக் காலி செய்தபோது பழைய மானிட்டர்களோடு சேர்ந்து எடைக்குப் போக இருந்ததை ஒரு நண்பர் எடுத்து வந்து கொடுத்தார். இரண்டு டிஸ்க் போடலாம், உள்ளே மார்வெல் கிர்க்வுட் சிப், 1.2 கிகாஹெர்ட்ஸ், ராம் வெறும் 256 எம்பி. கடையில் இருப்பதிலேயே மலிவான போனில்கூட இன்று இதைவிடப் பல மடங்கு ராம் இருக்கிறது, ஆனால் கொடுத்த கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும்போது திருப்பித் தருகிற வேலைக்கு இது தாராளம். இரண்டு 2 டிபி டிஸ்க் போட்டு ரெய்டு 1 வைத்திருக்கிறேன், ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். குழந்தைகள் போட்டோ, தங்கை கல்யாண வீடியோ, அப்பாவின் பத்திரம், பட்டா, சிட்டா ஸ்கேன் எல்லாம் அதில்தான்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டைமாடிதான், அதனால் ஏப்ரல் பிறந்தாலே ஹாலுக்குள் அடுப்படிச் சூடு. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்: கத்திரியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அந்தச் சூட்டில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் பெட்டி நெட்வொர்க்கில் வராது, ஆஃப் செய்து ஆன் செய்தால் வரும், ஆனால் ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றிருக்கும். மறுபடி சேர்த்தால் அடுத்த தடவை இன்னொரு டிஸ்க் கழன்றிருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான், ஹார்ட் டிஸ்க் ஆயுசு முடிந்துவிட்டது, மாற்று.

எனக்கு இடித்தது இதுதான்: இரண்டு டிஸ்க்கும் மாறி மாறியா கெட்டுப்போகும்? ஒன்று கெட்டால் அது கெட்டதாகவே இருக்க வேண்டுமே.

ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்பு நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அந்தக் குறிப்புதான் அது. நீளமான பட்டியலாக வரும், பயப்பட வேண்டாம், நாலைந்து வரிசை எண்ணைப் பார்த்தால் போதும். 5 என்றால் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு பதியும் குட்டிக் கட்டங்கள்). 197 என்றால் படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால்தான் டிஸ்க்குக்கு உண்மையிலேயே நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர் கோளாறு. என் இரண்டு டிஸ்க்கிலும் இந்த மூன்றுமே பூஜ்யம். ஆனால் 192 மட்டும் எகிறிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கரண்ட் அறுந்து, டிஸ்க்கின் தலை அவசரமாக ஒதுங்கிய கணக்கு அது. மின்வெட்டால் ஏறியிருக்கலாமே என்றால், கரண்ட் போகாத நாளிலும் ஏறியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே கரண்ட் இருக்கிறது, பெட்டிக்கு உள்ளே டிஸ்க்குக்கு இல்லை. அப்புறம் காதை வைத்துக் கேட்டால் தெரிந்தது: ஆன் செய்ததும் ஊஊங் என்று மோட்டார் ஏறும், முழு வேகம் பிடிக்கும் முன்பே டக் என்று ஒரு சத்தம், சத்தம் அடங்கும், திரும்ப முதலிலிருந்து ஊஊங்.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில வினாடிகளுக்கு 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். சுழன்ற பிறகு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 4 ஆம்பியர், போர்டு, ஃபேன் தனி. கூட வந்த அடாப்டர் 12 வோல்ட் 5 ஆம்பியர், புதிதாக இருந்தபோது தாங்கியிருக்கும். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், நம் மெக்கானிக்குகள் பாஷையில் கண்டென்சர், மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக்கணக்கு. உலர்ந்த கண்டென்சரோடு இருக்கும் அடாப்டர் சும்மா இருக்கும்போது அழகாக 12 வோல்ட் காட்டும், பாரம் ஏறியதும் படுத்துவிடும்.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பெட்டி ஒழுங்காக ஓடும். உடனே "கழற்றியதுதான் கெட்டது" என்று தோன்றும். பாரம் பாதியாகிவிட்டது, அதனால் ஓடுகிறது, அவ்வளவுதான். கழற்றியதை உள்ளே போட்டு மற்றதைக் கழற்றிப் பாருங்கள், அப்போதும் ஓடினால் இரண்டு டிஸ்க்கும் நல்லவை, குற்றவாளி வெளியே பிளக்கில் தொங்குகிறான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை நல்ல டிஸ்க்குகள் எடைக்குப் போயிருக்குமோ.

உறுதி செய்துகொள்ள மல்டிமீட்டர் வைத்தேன். அடாப்டரின் வயரை வெட்டாமல் அளக்க ஒரு வழி: சிசிடிவி கேமராவுக்குப் போடும் ஸ்க்ரூ வைத்த டிசி பின் ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கி, நடுவே இரண்டு குட்டி வயர் போட்டு இணைத்து, அடாப்டருக்கும் பெட்டிக்கும் இடையில் சொருகிவிட்டால் ஸ்க்ரூ தலையிலேயே மீட்டரை வைக்கலாம். சும்மா இருக்கும்போது 12.1. டிஸ்க்குகள் கிளம்பும்போது 10.3 வரை இறங்கியது, மீட்டர் மெதுவானது என்பதால் நிஜத்தில் இன்னும் கீழே போயிருக்கும். பெரும்பாலான டிஸ்க்குகள் 12 வோல்ட்டில் பத்து சதவீதம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளும், அதாவது 10.8 வரை. அதற்குக் கீழே போனால் தலையை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். சரி, ஆள் அகப்பட்டான்.

அடாப்டரைப் பிளந்து கண்டென்சர் மாற்றலாமே என்று கேட்பீர்கள். பழக்கம் இல்லாதவர்கள் வேண்டாம். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 325 வோல்ட் ஆகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கும். நான் சிசிடிவி கடைக்குப் போனேன்.

"எத்தனை கேமராண்ணா?"

"கேமரா இல்லப்பா, ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு."

"அப்ப டிவிஆர் மாதிரியா? அப்ப இது வேணாங்கண்ணா. அஞ்சு ஆம்பியர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், மூணு தாண்டாது. இதத் தூக்கிப் பாருங்க."

இரண்டையும் இரண்டு கையில் கொடுத்தான். ஸ்டிக்கரில் ஒரே எழுத்து, எடையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கனமானதையே வாங்கினேன், விலை கொஞ்சம் கூட. வாங்கும்போது பின்னையும் பாருங்கள், 5.5 மில்லிமீட்டர் பின்னில் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு, வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். பெட்டியின் உள்குச்சி 2.1 ஆக இருந்து 2.5 பின்னைச் சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடும், லேசாகக் கை பட்டாலே பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். அதோடு நடுக்குச்சி பிளஸ்ஸா என்று இரண்டு ஸ்டிக்கரிலும் இருக்கும் வட்டப்படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

புது அடாப்டர் போட்டதும் மீட்டர் 11.8-க்குக் கீழே இறங்கவில்லை. கழன்ற டிஸ்க்கைச் சேர்க்கும் முன் முக்கியமானதையெல்லாம் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது, தப்பாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். வினாடிக்கு 60 எம்பி வீதம் போனாலும் 2 டிபியைத் திரும்ப நிரப்ப 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரமும் இரண்டு டிஸ்க்கும் மூச்சு விடாமல் ஓடிச் சூடாகும் என்பதால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

சூடு என்றதும் ஃபேன். டிஸ்க் சூடு 56 டிகிரி காட்டியது, 60 வரை தாங்கும் என்று டிஸ்க்கில் போட்டிருந்தாலும் அந்த ஓரத்தில் தினம் நிறுத்தி வைப்பது நல்லதில்லை. இந்தப் பெட்டியின் சாஃப்ட்வேர் 50 டிகிரி தாண்டினால்தான் ஃபேனை எழுப்புமாம். குளிர்நாட்டில் உட்கார்ந்து யாரோ எழுதிய கணக்கு! பழைய ஃபேனும் தேய்ந்து கரகரத்தது. மாற்றுவது எளிது: திருகு துளைகளுக்கு இடையே அளந்தால் 50 மில்லிமீட்டர் என்றால் 60 மில்லிமீட்டர் ஃபேன், 32 என்றால் 40, 71.5 என்றால் 80. கனெக்டர்தான் பொருந்தாது, பழைய ஃபேனின் கனெக்டரை வயரோடு வெட்டி எடுத்து, நிறம் பார்த்து புது ஃபேனோடு சால்டர் செய்து ஸ்லீவ் போட வேண்டும். சிவப்பு, கருப்பு மட்டும் இணைத்து மூன்றாவதாக வரும் மஞ்சள் வயரை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றுவது பெட்டிக்குத் தெரியாது, அந்த வயர் வழியாகத்தான் அது வேகத்தை எண்ணுகிறது. ஃபேன் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூவும்.

கடைசியாக சாஃப்ட்வேர். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரப் பேசும் பாஷைதான் எஸ்எம்பி, ஒரிஜினல் சாஃப்ட்வேருக்கு அதில் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் புகுந்தது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான், அதே ஆண்டுக் கடைசியிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 10-இல் அது இருப்பதில்லை, அதனால்தான் லேப்டாப் மாற்றியதும் "நாஸ் தெரியவில்லை" என்று பலர் புலம்புகிறார்கள். விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். போர்டில் சீரியல் பின்கள் இருந்தன, கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியோடு நேரடியாகப் பேசும் வழி அது. காட்பாடிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்குச் சாமான் விற்கும் கடையில் யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர் ஒன்று வாங்கி (3.3 வோல்ட் வகைதான், 5 வோல்ட் வகை சிப்பைச் சுட்டுவிடும்) கிரவுண்ட், அனுப்பு, வாங்கு மூன்றை மட்டும் இணைத்தேன், அனுப்பு வயர் எதிரில் இருக்கும் வாங்கு பின்னுக்குப் போக வேண்டும். பவர் வயரைத் தொடவே இல்லை. வேகம் 115200 வைத்ததும், பெட்டியை முதலில் எழுப்பும் யூ-பூட் என்ற நிரலின் எழுத்துகள் திரையில் ஓடின. ஒரு பென் டிரைவிலிருந்து டெபியன் 12 (இலவச லினக்ஸ்) பூட் ஆகும்படி செய்துவிட்டேன். 13-க்குப் போகவில்லை, இந்த மார்வெல் சிப்புக்கான கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதில் இல்லை. இப்போது எஸ்எம்பி 3 ஓடுகிறது, வினாடிக்கு 30 எம்பி சொச்சம் வருகிறது, ஃபேன் 40 டிகிரியிலேயே சுற்ற ஆரம்பிக்கிறது, நடு மத்தியானத்திலும் டிஸ்க் 47-ஐத் தாண்டவில்லை.

பழைய அடாப்டரைக் குப்பையில் போடும் முன் வயரை வெட்டிவிட்டேன், இல்லாவிட்டால் யாராவது நல்லது என்று நினைத்து வேறு எதிலாவது சொருகுவார்கள். வெட்டிய வயரை அப்பா எடுத்துச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டார். நல்ல செம்பாம்.