ஒரு வாரத் தவணைக் கமரா

ஜனவரி 10, வெள்ளி. வெள்ளவத்தை, இரவு

நண்பர் தன் கைபேசியை விற்கப் போகிறார். ஒரு வாரம் பாவித்துப் பார், பிடித்தால் காசைக் கொடு என்று கையில் தந்துவிட்டார். 50 மெகாபிக்சல் பிரதான கமரா, அகலக் கோணத்துக்கு ஒன்று, தூரத்துக்கு மூன்று மடங்கு லென்ஸ் ஒன்று. யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்.

எனக்கு இதனால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான். அம்மப்பாவின் படம் இப்போது எங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டையில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வெள்ளை முகம். மற்றப் படங்களெல்லாம் 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் போரால் ஊரை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பெட்டி இல்லை, கூரையும் இல்லை. அட்டை மட்டும் அம்மம்மாவின் மடியில் கூடவே போய்க் கூடவே வந்தது. அதைப் பிரதி எடுக்கக் கடைக்குக் கொடுக்க அவர் சம்மதிப்பதில்லை. அட்டை வாசல்படி தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே கமராதான் அட்டையிடம் போக வேண்டும்.

அந்த முகத்தை இந்தப் போனிடம் காட்டுவதற்கு முன், தான் பார்ப்பதை இது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 11, சனி. கோண்டாவில், யாழ்ப்பாணம்

பஸ் பிந்திப் புறப்பட்டது நல்லதாகப் போயிற்று. ஆனையிறவைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. பளையை அடையும் வரை கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்தபடி வந்தேன். ஒட்டிப் பிடித்தால் உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் தெரியாது.

படங்களைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். வீதியோரப் பனைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. தூரத்துப் பனைகள் நேராகவும், கிட்டத்துப் பனைகள் விழப் போவதுபோலவும். காரணம் இதுதான்: சென்சர் காட்சியை ஒரே கணத்தில் விழுங்குவதில்லை, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாக வாசிக்கிறது. பனையின் உச்சியான வட்டைப் படித்துவிட்டு அடிமரத்துக்கு வருவதற்குள் பஸ் நகர்ந்துவிடுகிறது. ஷட்டரை எவ்வளவு வேகமாக்கினாலும் மங்கல் போகுமே தவிர, சாய்வு போகாது. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். பனைகள் சாயவில்லை, ஆனால் இயல்பைவிட ஒல்லியாகிவிட்டன. எதிர்ப்பக்க ஜன்னலிலிருந்து எடுத்தபோது பருத்துவிட்டன. வரிகள் அப்போது பக்கவாட்டாக வாசிக்கப்படுவதுதான் இதற்குக் காரணம்.

இந்தக் குறையை நான் மன்னிக்கிறேன். இது எந்திரத்தின் வேகக் குறைவு. எதையும் மாற்றிச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இதில் இல்லை.

மாலையில் நடந்ததை மன்னிக்க முடியவில்லை. விறாந்தையில் அம்மம்மாவை இருத்தி ஒரு படம் எடுத்தேன். வெற்றிலைக் காவி படிந்த உதடு வெளிறிப் போயிருந்தது. கன்னத்துச் சுருக்கங்கள் மெழுகு பூசியதுபோல மூடப்பட்டிருந்தன. கருங்கல் போன்ற அவருடைய நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. நான் எந்த அழகுபடுத்தலையும் கேட்கவில்லை. அது முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. அம்மம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளை யார்?” என்று கேட்டார். எண்பத்து நான்கு வயதுக்காரி வாழ்ந்து சம்பாதித்த முகத்தை, கேட்காமலே துடைத்து எறிவதற்கு ஒரு போனுக்கு என்ன உரிமை? அமைப்புகளுக்குள் இறங்கி, தோல் மெருகு, முகத் துலக்கம், தானாக வெளிச்சமூட்டல் என்று மூன்று இடங்களில் ஒளிந்திருந்தவற்றைத் தேடி நிறுத்தினேன்.

ஜனவரி 12, ஞாயிறு. நெடுந்தீவு போய் வந்த களைப்பு

அம்மம்மா பிறந்த மண் நெடுந்தீவு. முழங்கால் வலியால் பல வருடமாகப் படகேறவில்லை. அவருக்காகப் படம் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு விடியப் புறப்பட்டேன். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வாடைக் காற்றில் கடல் சும்மா இருக்கவில்லை. உப்புத் தூவானம் லென்ஸில் படிந்து, முதல் இருபது படங்களில் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளிக்கும் வால் முளைத்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தால் உப்புக் கல் கண்ணாடியைக் கீறும். போத்தல் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் சரியாயிற்று.

தீவில் இறங்கியதும் கண் கூசுகிறது. தரை, வேலி, வீட்டுச் சுவர் எல்லாம் வெளிறிய முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஓடுகின்றன. கமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டியதில்லை: வெயில் பட்ட முகப்பு வெள்ளையாகக் கொதிக்கிறது, கற்களுக்கு இடையில் உள்ள பொந்துகள் கன்னங்கரேல் என்று கிடக்கின்றன. எச்டிஆர் முறையில் போன் பல வெளிச்ச அளவுகளில் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. கல்லின் துளைகள்கூடத் தெளிவாக விழுந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேய்ச்சல் வெளியில் குதிரைகள் நின்றன. அந்நியர் ஆட்சிக் காலத்தில் வந்தவற்றின் வழி என்று ஊரில் சொல்லும் கட்டைக் குதிரைகள். மூன்று மடங்கு லென்ஸில் பிடரி மயிர் இழை இழையாக வந்தது. பத்து மடங்குக்குத் தள்ளியதும் லென்ஸின் வேலை முடிந்து போனின் ஊகம் தொடங்கிவிடுகிறது. மயிர் ஈரத் தூரிகையால் இழுத்த கோடுகளாகிவிட்டது. குதிரையிடம் போக வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். நடந்தேன். அவையும் நடந்தன.

பெருக்க மரத்தை (பாவோபாப்) அகலக் கோணத்தில் எடுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; ஓரங்கள் இழுபடுகின்றன, அவ்வளவுதான்.

இரவு அம்மம்மா படங்களைப் பார்த்தார். கல்வேலிப் படத்தில் விரலை வைத்துக்கொண்டு, “நிழல் எங்கே?” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வேலியின் கறுத்த நிழலுக்குள் ஒரு கால் அகலத்துக்கு ஒட்டி ஒட்டித்தான் அவர்கள் நடப்பார்களாம்; வெயிலில் வெறுங்கால் சுடும். போன் அந்த நிழலைத் தூக்கி வெளுப்பாக்கிவிட்டது. எல்லாம் தெரிகிறது, ஆனால் வெயில் இல்லை. எச்டிஆரை நிறுத்தி எடுத்த ஒரேயொரு படம் இருந்தது. அதைக் காட்டினேன். “இதுதான்” என்றார்.

ஜனவரி 13, திங்கள். பூரணை

காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை. பொங்கலுக்கு முதல்நாள், கரும்பு, மண்பானை, இஞ்சி மஞ்சள் கொத்து, பனங்கிழங்குக் கட்டுகள், கால் வைக்க இடமில்லை. நீலத் தறப்பாளின் கீழ் கத்தரிக்காய் முழுவதும் நீலமாகிவிட்டது. வெண்மைச் சமநிலையைக் கையால் திருப்பி, பக்கத்தில் கோலத்துக்கு விற்ற அரிசிமா வெள்ளையாகத் தெரியும் வரை சரிசெய்தேன். கத்தரிக்காயும் ஊதாவுக்குத் திரும்பியது. இனி எந்தச் சந்தையிலும் முதலில் அரிசிமாவைத் தேடுவேன்.

மாலை பருத்தித்துறைக் கடற்கரையில் நிலவு எழுந்தது. தானியங்கியில் அது வெறும் வெள்ளைப் பொட்டு. நிலவு என்பது வெயிலில் கிடக்கும் கல். இருட்டுக்கு ஏற்ற அளவில் எடுத்தால் எரிந்துதான் போகும். ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்ததும் கறைகள் தெரிந்தன. சில கைபேசிகள் நிலவைக் கண்டதும் இல்லாத விவரங்களைத் தாமே நிரப்பும் என்பது 2023இல் பெரிய விவாதமாயிற்று. அப்போது ஒருவர் செய்த சோதனையை நானும் வீட்டில் செய்து பார்த்தேன்: நிலவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, மடிக்கணினித் திரையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எடுத்தேன். மங்கலாகவே விழுந்தது. இந்தப் போன் நிலவு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது.

அம்மம்மா நெடுந்தீவுக் கதை சொன்னதை வீடியோவாக எடுத்தபோது சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த போன் 60 என்று நினைத்துக்கொண்டிருந்தது. 50க்கு மாற்றி, நொடிக்கு 25 சட்டங்கள் என்று வைத்ததும் பட்டைகள் நின்றன. கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் நன்றாகச் சொன்னார்.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல்

முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, கிழக்குப் பார்த்துப் பானை. பால் பொங்கும் நேரத்தில் சூரியன் பானைக்குப் பின்னால் இருந்தது. பானையின் கழுத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். பொங்கி வழிந்தது, மாமா சீன வெடி கொளுத்தினார், நான் துள்ளியதில் படம் ஆடிவிட்டது. ஆடினாலும் நுரை விழும் திசை அதில் இருக்கிறது. அழிக்க மாட்டேன்.

பின்னேரம் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா. வாடை கடலிலிருந்து வீசுவதால் பட்டங்கள் ஊர்ப்பக்கமாக ஏறின. மாலைச் சூரியனும் அந்தப் பக்கம்தான். வெறும் வானத்தில் குவியம் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போன் முன்னும் பின்னும் தடுமாறியது. குவியத்தை முடிவிலியில் பூட்டியபின் ஒன்றும் தப்பவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஓடும் பெரிய பட்டங்கள், ஏறும்வரை தரையில் கிடக்கும் மூங்கில் எலும்புக்கூடுகள், ஏறியதும் உயிர்.

ஆனால் எனக்கு வேண்டியது ஒலி. பட்டத்தின் தலையில் கட்டும் ‘விண்’ என்பது காற்றில் அதிர்ந்து கூவும். சிறுவயதில் இரவு முழுவதும் பட்டத்தைத் தென்னையில் கட்டிவிட்டு, அந்தக் கூவலைக் கேட்டபடியேதான் நாங்கள் தூங்குவோம். கூட்டத்தை விட்டு விலகி நின்று மூன்று நிமிடம் பதிவு செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் சனத்தின் பேச்சு துல்லியமாக இருக்கிறது, விண் இல்லவே இல்லை. இடைவிடாமல் ஒரே சீராக வரும் அந்த ஒலியைக் காற்றின் இரைச்சல் என்று எண்ணிப் போன் வடிகட்டிவிட்டது. பேச்சைக் காப்பாற்றுவதற்காக விண்ணைக் கொன்றுவிட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. இரவு பக்கத்து ஒழுங்கைப் பையனின் பட்டம் ஏறியிருந்தது. இரைச்சல் குறைப்பை நிறுத்தி, ஒலிவாங்கியின் துளைக்கு மேல் ஒரு பஞ்சுத் துண்டை ஒட்டிப் பதிவு செய்தேன். வந்துவிட்டது. கோண்டாவில் வானத்து விண், நாய்க் குரைப்பும் கூடவே.

ஜனவரி 15, புதன். பட்டிப்பொங்கல்

மாமா வீட்டு மாட்டுக்கு மாலை போட்டு முடிந்ததும் அம்மம்மா தானாகவே தன் சின்னப் பனையோலைக் கொட்டப்பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். ஐந்து நாளாக நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஜன்னலோரம் மேசை, வெளிச்சம் பக்கவாட்டில். அட்டை பிளாஸ்டிக் உறை போட்டது என்பதால் பளபளக்கும். போனின் நிழலுருவும் அதில் விழும். கறுப்புத் துணியில் துளை வெட்டி, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி பிடித்தேன். மிகக் கிட்டப் போனால் போன் சொல்லாமல் அகலக் கோண லென்ஸுக்குத் தாவிவிடுகிறது, அதில் விவரம் குறைவு. அதனால் ஒரு சாண் தள்ளி நின்று, பிரதான கமராவின் நடுப்பகுதியை மட்டும் இரண்டு மடங்கில் எடுத்தேன்.

முதலில் தானியங்கியில் ஒன்று. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தேன். ஆனாலும் அது முகம் என்று கண்டுகொண்டது. கண்ணுக்கு இமை மயிர் வரைந்திருந்தது. உதட்டுக்குக் கோடு போட்டிருந்தது. நான் பார்த்தேயிராத அம்மப்பா இவ்வளவு தெளிவாகத் தெரிகிறாரே என்று ஒரு கணம் மயங்கினேன். அம்மம்மா தலையை ஆட்டினார். “இது அவர் இல்லை. அவருக்கு வலது புருவத்தில் வெட்டு இருக்கிறது.” வண்டில் தட்டிய காயமாம். போன் புருவத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தது.

பிறகு கைமுறை, ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 50, டிஎன்ஜி என்ற பதப்படுத்தாத கோப்பு. சென்சர் பதிந்தது மட்டும். கலவை இல்லை, மெருகு இல்லை. உறையின் கீறல்கள், பழைய தாளின் மணிமணியான பொரி, பாதி மங்கிய முகம். பெரிதாக்கிக் காட்டினேன். அம்மம்மா திரையை விரலால் தொட்டுத் தொட்டு நகர்த்தி, வலது புருவத்தில் நின்றார். நான்கைந்து பொரிகள் அகலத்தில் ஒரு வெள்ளை இடைவெளி.

அவர் எதுவும் சொல்லவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை இடித்தார். நான் கேட்டு வாங்கவில்லை.

ஜனவரி 16, வியாழன். புறப்படும் நாள்

கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நகரத்து ஸ்ரூடியோவுக்குப் போனேன். முகத்தைத் துலக்கித் தரவா என்று கேட்டார்கள். வேண்டாம், ஒரு புள்ளியையும் தொட வேண்டாம் என்றேன். சுவரில் மாட்டப் பெரிதாக ஒன்று, பளபளப்பில்லாத தாளில்.

அம்மம்மா பெரிய படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கு என்றார். தனக்கு அட்டையில் இருக்கும் அதே அளவில் ஒன்று வேண்டும், கொட்டப்பெட்டிக்குள் வைக்க. மறுபடி நகரத்துக்கு ஓடினேன். தபாலட்டைத் தாளில் எட்டுப் பிரதிகள் ஒன்றாக அச்சடித்துத் தந்தார்கள். கத்தரிக்கோலை அம்மம்மாவே வாங்கிக்கொண்டார்.

நண்பருக்கு அழைத்து, பணத்தைச் சனிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டேன்.