உப்புத் தண்ணீர் குடிக்கிற பேட்டரி

தண்ணீருக்குள் ஓடிப்போய் நீர்மூழ்கியைத் தாக்கும் ஆயுதம் டார்பிடோ. ஹெலிகாப்டரில் இருந்து போடும் இலகுரக டார்பிடோவின் விட்டம் பெரும்பாலான நாடுகளில் 324 மி.மீ.தான். அமெரிக்காவின் மார்க் 46, பிரிட்டனின் ஸ்டிங் ரே, இத்தாலியின் ஏ-244, நம்முடைய ஷ்யேனா எல்லாமே அந்த அளவுதான். கப்பல்களில் ஏற்கெனவே இருக்கிற ஏவுகுழாய் அப்படி, அதனால் யாரும் அதில் கை வைப்பதில்லை. அந்த உருளைக்குள் சோனார் (ஒலியால் இலக்கைத் தேடும் கருவி), கணினி, வெடிமருந்து, பேட்டரி, மோட்டார், சுக்கான் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும், ஹெலிகாப்டர் தூக்குகிற எடையிலும் நிறுத்த வேண்டும். ஷ்யேனாவின் எடை 220 கிலோ. டார்பிடோ ஆராய்ச்சி செய்கிற விசாகப்பட்டினம் அரசு ஆய்வகமான என்.எஸ்.டி.எல். வடிவமைத்து 2012-ல் கடற்படைக்குப் போனது.

விசாகப்பட்டினத்தில் நான் இதே துறையில் இருந்த வருடங்களில் என் பக்கம் பேட்டரி. கூட்டம் என்றால் ஒவ்வொரு பிரிவும் அடுத்தவனிடம் இருந்து கிராம் பிடுங்கப் பார்க்கும். சோனார்காரர்களுக்கு முன்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும், வெடிமருந்துப் பிரிவு விட்டுக் கொடுக்காது, கடைசியில் எல்லோரும் பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். "தம்பி, உங்க பெட்டியில இன்னும் நாலு தகடு குறைக்க முடியாதா?" என்று எங்கள் மூத்த பொறியாளர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், நானும் ஒவ்வொரு தடவையும் முடியாது சார் என்பேன்.

வேகத்தைக் கூட்டு என்று மேலிடத்தில் சொல்வது சுலபம். தண்ணீருக்குள் வேகம் கூடக் கூட தேவைப்படும் சக்தி ஏறக்குறைய அந்த வேகத்தின் கனமடங்கில் (அதையே மூன்று முறை பெருக்கிய அளவில்) ஏறும். 33 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் ஓடுவதை 45 நாட் ஆக்க இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். இடம் எங்கே இருக்கிறது? அதோடு, வேகமாக ஓடினால் சொந்த இரைச்சலிலேயே டார்பிடோவின் காது, அதாவது சோனார், அடைத்துப் போகும். தேடும்போது நிதானம், கண்ட பிறகு பாய்ச்சல் என்று பல டார்பிடோக்கள் இரண்டு வேகம் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இலகுரக டார்பிடோவை வேகத்தை வைத்து மட்டும் எடைபோடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போனதே இல்லை.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். மெக்னீசியம் தகடு, சில்வர் குளோரைடு தகடு, நடுவில் ஒன்றுமில்லை. தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தும் திரவம், அதாவது மின்பகுளம், கடல்தான். வருடக்கணக்காக கிடங்கில் காய்ந்த பொருளாகக் கிடக்கும், மின்சாரமே கிடையாது, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. பாராசூட்டில் இறங்கி தண்ணீரைத் தொட்டதும் கடல்நீர் உள்ளே பாயும், உடனே உயிர் வரும். ஷ்யேனாவுக்கு ஆறு நிமிடம் ஓட்டம், நேராகப் போனால் ஆறு கிலோமீட்டர். இந்த வகை பேட்டரி செய்கிற நிறுவனம் ஒன்று திருச்சிக்குப் பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் இருக்கிறது. ஊரில் பலருக்கு இது தெரியாது.

ஓடி முடித்த பேட்டரியைத் திறப்பது தனி வேலை. மெக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் முதலில் காற்றோட்டத்தில் வைத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டுத்தான் மூடியில் ஸ்பேனர் வைப்போம். உள்ளே தகடுகளுக்கு நடுவே சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளையாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடு அப்பியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் அந்தப் பக்கம் நீரோட்டம் சரியில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் வந்த வோல்டேஜ் கோட்டைவிட அந்தச் சேறு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. மிச்சமிருக்கிற வெள்ளியை மட்டும் கணக்கு எழுதி வாங்கிக் கொள்வார்கள்.

வங்காள விரிகுடா சும்மா விடாது. மழைக்காலத்துக்குப் பிறகு கோதாவரியும் மகாநதியும் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீரால் மேற்பரப்பில் உப்பு குறையும், உப்பு குறைந்தால் பேட்டரி விழித்துக்கொள்ளவும் நேரமெடுக்கும். சோனார் பிரிவுக்கு வேறு தலைவலி: மத்தியான வெயிலில் மேல்நீர் சூடாகி ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடும், காலையில் கேட்டது மத்தியானம் கேட்காது. அதனால் சோதனைக்கு விடியற்காலையிலேயே கிளம்புவோம். அப்புறம் அங்கே போய் மீன்பிடிப் படகுகள் விலகும்வரை காத்துக் கிடப்போம், அதற்குள் வெயில் ஏறிவிடும்!

பால்டிக் கடலில் இந்த பேட்டரி சரிப்படாது, பல இடங்களில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் உப்பு, திறந்த கடலில் முப்பத்தைந்து. சுவீடன் தன் புதிய இலகுரக டார்பிடோவுக்கு மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொண்டது. பயிற்சிக்கு ஏற்றி ஏற்றி ஓட்டலாம், செலவு குறைவு. இங்கேயும் அதையே செய்யலாம் என்று என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள் வாதாடுவார்கள். பயிற்சிக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போருக்கு வைத்திருக்கிற டார்பிடோ வருடக்கணக்கில் கப்பலின் ஆயுதக் கிடங்கில் கிடக்க வேண்டும், அங்கே எனக்கு இன்னும் காய்ந்த மெக்னீசியம்தான் பிடிக்கும்.