சர்வரை நிறுத்தாமல் ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கிய இரவு

டேட்டாபேஸ் இருந்த லினக்ஸ் சர்வரில், இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை 99 சதவீதம் காட்டியது. அழித்த ஃபைலை ஏதாவது புராசஸ் விடாமல் பிடித்து இடத்தை அடைத்திருக்கிறதா என்று முதலில் எல்எஸ்ஓஎஃப் (lsof, திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே நிரம்பிவிட்டது. ஆட்கள் வேலையில் இருந்தார்கள், ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்ய, அதாவது சர்வரிலிருந்து கழற்றிவைக்க, வழியே இல்லை.

பேக்கப் எடுத்துச் சரிபார்த்த பிறகு, வர்ச்சுவல் மெஷினின் டிஸ்கை 100 ஜிபியிலிருந்து 150 ஆக்கினேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) அப்போதும் 100 என்றே சொன்னது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் செய்தி போகவில்லை. டிஸ்கை மறுபடி பார்க்கச் சொல்லி ரீஸ்கேன் கொடுத்ததும் டிஸ்க் 150 ஆனது, அதன் கீழே பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி) மட்டும் அசையாமல் 100.

எனக்குக் கை நடுங்கிய இடம் அதுதான். பார்ட்டிஷனை நீட்டுவது என்றால், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்கில் இருக்கும் அட்டவணையில் அதன் முடிவை மாற்றி எழுதுவது. தொடக்க செக்டர் மாறிவிட்டால் உள்ளே இருக்கும் டேட்டா எதுவும் கிடைக்காது. பழைய அட்டவணையைத் தனி ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் (growpart) கட்டளையை ஓட்டினேன். அதில் டிஸ்க் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும், சேர்த்து எழுதினால் ஏற்காது. பதிலில் தொடக்கம் முன்பு இருந்த அதே 2048 என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்புறம், டிஸ்க் இடத்தை வால்யூம் குரூப் என்ற தொகுப்பாக வைத்து அதிலிருந்து லாஜிக்கல் வால்யூம்களாகப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மின் (LVM) கட்டளைகள்: தொகுப்பில் புது இடத்தைச் சேர்க்க பிவிரீசைஸ் (pvresize), லாஜிக்கல் வால்யூமை நீட்ட எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend). இரண்டும் நொடியில் முடிந்தன. லாஜிக்கல் வால்யூமுக்கு 20 ஜிபி மட்டும் சேர்த்தேன். ஆனால் அதன் மேல் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை வளர்க்க ரிசைஸ்2எஃப்எஸ் (resize2fs) கொடுத்ததும், சூப்பர் பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) மேஜிக் நம்பர் (அதன் வகையைக் காட்டும் எண்) தவறு என்று வந்தது. ஃபைல் சிஸ்டமே கெட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். டிஎஃப்பில் ஃபைல் சிஸ்டத்தின் வகையைப் பார்த்தால் எக்ஸ்எஃப்எஸ் (XFS)! நான் கொடுத்த கட்டளை இஎக்ஸ்டி (ext) வகைகளுக்கு உரியது. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ் (xfs_growfs) என்று தனியாக இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும்போதுதான் அது வேலை செய்யும், அதற்கு மவுண்ட் பாயிண்டை (ஃபைல் சிஸ்டம் இணைந்திருக்கும் ஃபோல்டர்) கொடுக்க வேண்டும். கொடுத்தேன். டிஎஃப் 83 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு கனெக்‌ஷன்கூட அறுபடவில்லை.

மீதி இடத்தை வால்யூம் குரூப்பிலேயே விட்டுவைத்திருக்கிறேன். எக்ஸ்எஃப்எஸ்ஸை எப்போது வேண்டுமானாலும் வளர்க்கலாம். குறைக்க வேண்டும் என்றால் பேக்கப் எடுத்து, புதிதாக ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்ற வேண்டியதுதான். இப்போதெல்லாம் எல்விஎக்ஸ்டெண்டிலேயே சின்ன ஆர் (-r) ஆப்ஷனைச் சேர்த்துவிடுகிறேன். எந்த வகை என்று அதுவே பார்த்து ஃபைல் சிஸ்டத்தையும் வளர்த்துவிடுகிறது.