ரீஅலாக் காப்பாற்றி வந்த வாக்கு

3.75 என்று அச்சிடச் சொன்னேன். முனையத்தில் ".0" என்று வந்தது. 12.5 கொடுத்துப் பார்த்தேன், அதற்கும் ".0" தான். முழு எண்கள் மட்டும் ஒழுங்காக வந்தன.

256 கேபி ஃபிளாஷ், 64 கேபி ராம் உள்ள ஒரு 32 பிட் மைக்ரோகன்ட்ரோலரில் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) லுவா என்ற நிரல் மொழியின் 5.3 பதிப்பை ஓட்டுவதுதான் வேலை. லுவாவின் மூலநிரல் சுத்தமான சி மொழியில் இருப்பதால் கம்பைல் செய்வதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் எண்ணை எழுத்தாக்க, எழுத்தை எண்ணாக்க, மெமரி வாங்க, ஸ்ட்ரிங்குகளை (எழுத்துத் தொடர்களை) ஒப்பிட என எல்லாவற்றுக்கும் அது சி-யின் ஸ்டாண்டர்டு லைப்ரரியைத்தான், அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பைத்தான், கூப்பிடுகிறது. அந்தச் சின்னச் சில்லில் எனக்குக் கிடைத்த லைப்ரரி நியூலிப் நானோ. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அதன் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்-இல் தசம எண்களை அச்சிடும் பகுதி இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பிழை எதுவும் வராது, அந்த இடத்தில் வெற்று ஸ்ட்ரிங் வரும்.

சரி, அப்படியானால் ".0" எங்கிருந்து வந்தது? லுவா 5.3-இல் 3.0 என்ற தசம எண்ணை "3" என்று காட்டாமல் "3.0" என்று காட்ட வேண்டும். அதற்காக, லைப்ரரி தந்த விடையில் இலக்கங்களும் கழித்தல் குறியும் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் லுவா ".0" சேர்த்துவிடும். வெற்று ஸ்ட்ரிங்கிலும் வேறு எதுவும் இல்லையே! லைப்ரரி ஒன்றும் தராத இடத்தில் லுவா தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது.

லிங்கரில் அந்தப் பகுதியைச் சேர்த்ததும் எண்கள் வந்தன. அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. நியூலிப் ஒரு தசம எண்ணை அச்சிட உள்ளுக்குள் மெமரி வாங்கித் தரும் மேலாக்கைக் கூப்பிடுகிறது. லுவா மொத்தமாக 40 கேபி-க்கு மேல் தொடக் கூடாது, மீதி ராம் மற்ற வேலைகளுக்கு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அச்சிடும் ஒவ்வொரு எண்ணும் அந்தக் கணக்குக்கு வெளியே போய் மெமரி வாங்குவதை ஏற்க முடியவில்லை. லைப்ரரி ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கியது அப்படித்தான்.

முதலில் மெமரி. லுவா எழுதியவர்கள் இதற்கு வாசல் வைத்தே கட்டியிருக்கிறார்கள். லுவா நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டரை உருவாக்கும்போது ஒரே ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் போதும், புதிதாக வாங்குவது, அளவை மாற்றுவது, விடுவிப்பது மூன்றும் அதன் வழியாகவே நடக்கும். பழைய பாயிண்டர் (மெமரி முகவரி), பழைய அளவு, புதிய அளவு ஆகியவை அதற்கு வரும். இயல்பாக அந்த இடத்தில் சி லைப்ரரியில் மெமரியின் அளவை மாற்றும் ரீஅலாக்கும், விடுவிக்கும் ஃப்ரீயும் இருக்கின்றன. நான் 16, 32, 64 பைட் எனக் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு குளத்தை எழுதி அங்கே வைத்தேன். கூடவே ஒரு எண்ணி. புதிய அளவைக் கூட்டு, பழைய அளவைக் கழி, 40 கேபி தாண்டினால் நல் (எதையும் சுட்டாத வெற்று பாயிண்டர்) திருப்பு.

இருபது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு "நாட் எனஃப் மெமரி". குளத்தைப் பார்த்தால் பாதி காலியாக இருக்கிறது.

பாயிண்டர் நல் ஆக இருக்கும்போது, அதாவது புதிதாக வாங்கும்போது, பழைய அளவு என்று வருவது அளவே அல்ல. உருவாக்கப்போவது என்ன வகைப் பொருள் என்பதற்கான எண் அது: ஸ்ட்ரிங் என்றால் 4, டேபிள் என்றால் 5, ஃபங்ஷன் என்றால் 6. லுவா 5.2-இலிருந்தே இப்படித்தான், கையேட்டிலும் எழுதியிருக்கிறது. நான் அந்த வரியை வாசித்தும் மனதில் வாங்கவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் என் எண்ணியில் 4 பைட் குறைந்துகொண்டே வந்தது. சில ஆயிரம் ஸ்ட்ரிங்குகளுக்குப் பிறகு அது பூஜ்யத்துக்குக் கீழே போனது. குறியில்லாத (கழித்தல் மதிப்பை ஏற்காத) 32 பிட் எண் என்பதால், அடுத்த கணமே நானூறு கோடிக்கு மேல் பைட் செலவாகிவிட்டதாகக் காட்டியது. ரீஅலாக் இருந்தவரை இந்தப் பிரச்சினையே கிடையாது, ஏனென்றால் அது பழைய அளவைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது இதைவிடக் கடினம். லுவா 5.3, ஒரு துண்டைச் சிறிதாக்கச் சொன்னால் அது தோற்காது என்று நம்பி எழுதப்பட்டது. நடைமுறையில் ரீஅலாக்கும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றி வந்தது, இருக்கும் இடத்திலேயே வாலை வெட்டிவிடும். என் குளமோ சிறிய கட்டத்துக்கு மாற்றி நகலெடுக்கும். சிறிய கட்டம் காலி இல்லையென்றால் நல் திருப்பும். குப்பை சேகரிப்பின் (பயன்படாத மெமரியை மீட்கும் வேலையின்) நடுவே லுவா தன் ஸ்ட்ரிங் அட்டவணையைச் சுருக்கும்போது எப்போதாவது ஒருமுறை இது நடந்து, மொத்தமும் உடைந்தது. மூன்று நாள் தேடினேன். திருத்தம் ஒரு வரிதான்: சிறிய கட்டம் கிடைக்காவிட்டால் பழையதையே திருப்பிக் கொடு. மாற்றுவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டியது ரீஅலாக்கின் பெயரையும் அளவுருக்களையும் மட்டும் அல்ல, அதை நம்பி லுவா என்னென்ன செய்கிறது என்பதை.

ஸ்ட்ரிங் ஒப்பீடு எளிது என்று நினைத்தேன். லுவா இதற்கு ஸ்ட்ர்கால் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அது வட்டார அமைப்பைப் பொறுத்து வரிசையை மாற்றும். எனக்கு வெறும் பைட் ஒப்பீடு போதும் என்று ஒரு லூப் எழுதினேன். சில்லில் எல்லாச் சோதனையும் தேறியது, மேசைக் கணினியில் அதே நிரல் தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் அடுக்கியது. என் சில்லின் ஆர்ம் வகைச் செயலியில், ஒரு பைட் எழுத்தை வைக்கும் சார் வகை இயல்பாகக் குறியில்லாதது, மேசைக் கணினியின் எக்ஸ்86-இல் குறியுள்ளது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்தின் முதல் பைட் 224, அங்கே அது −32 ஆகிவிட்டது. லூப்பை எடுத்துவிட்டு சி லைப்ரரியின் மெம்கம்ப் ஃபங்ஷனைப் போட்டேன். பைட்டுகளைக் குறியில்லாமல்தான் ஒப்பிட வேண்டும் என்பது அதற்குத் தரநிலையிலேயே உள்ள விதி.

எண்களுக்குத் திரும்புகிறேன். லுவா எண்ணை அச்சிடும் மேக்ரோ (கம்பைலுக்கு முன் வேறு கோடாக விரியும் பெயர்) லுவாகான்ஃப் ஹெடரில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாது, லுவாவின் ஸ்ட்ரிங்.ஃபார்மட் ஃபங்ஷன் வேறு வழியில் போகிறது. இரண்டும் கடைசியில் எல்_ஸ்பிரிண்ட்எஃப் என்ற மேக்ரோவில் வந்து சேர்கின்றன. அங்கே கை வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் மாறும். கோடுக்குள் முப்பது இடத்தில் திருத்தி, அடுத்த வெளியீட்டை இணைக்கும்போது தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்தை எண்ணாக்கும் ஸ்ட்ர்டுடி-க்கும் நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தை 0.1-ஆல் பெருக்கிக் கூட்டினேன். அச்சில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் 0.3 == 3/10 என்று கேட்டால் ஃபால்ஸ். 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.30000000000000004 வரும். லுவா 14 இலக்கம் மட்டுமே காட்டுவதால் அந்தக் கடைசி 4 கண்ணில் படவில்லை. பைத்தான் மொழியும் இந்த வழியில் நடந்து வந்ததுதான். 2.6 வரை 0.1 என்று தட்டினால் 0.10000000000000001 என்று காட்டும். 2009-இல் வந்த 3.1-இலும், பிறகு 2.7-இலும், சி லைப்ரரியை நம்புவதை விட்டுவிட்டு எண்ணையும் எழுத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்ற டேவிட் கே எழுதிய கோடைத் தன் மூலநிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது.

நானும் அதே கோடைத்தான் எடுத்தேன். படிப்பதற்கும் அச்சிடுவதற்கும் அதுவே. அதற்குள்ளும் மெமரிக்கு ஒரு வாசல் இருக்கிறது: முதலில் தனக்கென்று ஒதுக்கிய 2304 பைட்டிலிருந்து எடுக்கும், தீர்ந்தால் ஒரு மேக்ரோ சொல்லும் ஃபங்ஷனிடம் போகும். அந்த மேக்ரோவில் என் குளத்தைக் காட்டிவிட்டேன். ஃபிளாஷில் இடம் பிடிக்கிறது, பிடிக்கட்டும். நிரலை முன்பு குறித்து வைத்த இடத்துக்குத் தாவ வைக்கும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் இரண்டையும் தொடவில்லை, லுவாவின் பிழை கையாளல் முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது. தேதி ஃபங்ஷன்கள் எனக்குத் தேவைப்படாததால் ஓஎஸ் லைப்ரரியைத் தொடக்கப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பில்டிலும் முதலில் ஓடுவது 0.3 == 3/10.