நார்கண்டா டாக்ஸியும் பிட்டு ஆப்பிளும்

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்ஸிக்காரரை முதலில் திட்டித் தீர்த்தால்தான் மற்றதெல்லாம் வரும். இமாச்சலத்தில் சிம்லாவைத் தாண்டி இருக்கும் நார்கண்டாவிலிருந்து ஆப்பிள் ஊரான தானேதார் பதினாறு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆயிரத்தைந்நூறு கேட்டார். ஏன் என்றால் ஒரே வார்த்தை: "சீசன்." நாங்கள் அறைக்கு ஒதுக்கியிருந்ததே ஆயிரம்.

அதற்கு முன் சிம்லாவிலிருந்து வந்த பஸ் வேறு. ஜன்னல் மூடாது, என் முழங்கால் முன் சீட்டில் இடித்தபடியே வந்தது. தியோக் தாண்டுவதற்குள் ஆப்பிள் லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றோம். எரிச்சலாக இருந்தாலும், இமாச்சலம் எதில் பிழைக்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரிந்தது. மாநிலத்தின் மற்ற இடங்களில் சுற்றுலாவும் மருந்துக் கம்பெனியும் இருக்கலாம். இந்த மலைக்கு ஆகஸ்டும் செப்டம்பரும்தான் வருஷம். பள்ளிக்கூட ஃபீஸிலிருந்து கல்யாணச் செலவு வரைக்கும் அந்த இரண்டு மாதத்தில் வந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் விதை போட்டவர் ஓர் அமெரிக்கர். 1904இல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 வாக்கில் தானேதார் பக்கத்துக் கோட்கரில் ரெட் டெலிஷியஸ் ரக ஆப்பிள் கன்றுகளை நட்டார். பிறகு சத்யானந்த் என்று பெயரை மாற்றிக்கொண்டு இங்கேயே வாழ்ந்து முடித்தார்.

தானேதாரில் ஒரு தோட்டத்து முற்றத்தில் வேடிக்கை பார்த்தேன். நேபாளத் தொழிலாளிகள் பழத்தைக் கையிலெடுத்த மாத்திரத்தில் லார்ஜ், மீடியம், ஸ்மால் என்று பிரித்துப் போடுகிறார்கள். ஆகச் சின்னதுக்குப் பெயர் 'பிட்டு'. எனக்குத் தேங்காய்ப்பூதான் ஞாபகம் வந்தது! பெட்டிக்கு இருபது கிலோ. முன்பெல்லாம் வியாபாரிகள் பெட்டிக் கணக்கில் வாங்க, அதே பெட்டிக்குள் இருபத்தைந்து, முப்பது கிலோ வரை அமுக்குவார்களாம்; நஷ்டம் விவசாயிக்கு. 2024 சீசனிலிருந்துதான் ஒரே அளவுப் பெட்டி என்று அரசு கட்டாயமாக்கியது. தோட்டத்துக்காரப் பெரியவருக்கு அதில் சந்தோஷம். பனியைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. இந்த ரகம் பூக்கக் குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் நல்ல குளிர் வேண்டும். "இப்போ பனி எங்கே விழுது?" என்றார். மரங்களுக்கு மேலே ஆலங்கட்டி மழைக்கு வலை; அதுவும் கடன்தான்.

கீழே சட்லெஜ் ஒரு பழுப்பு நூலாகத் தெரிந்தது. மேலே போனால் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம். நேரமில்லை, விட்டுவிட்டேன்.

சிட்டு என்கிற இந்த ஊர்ப் பலகாரத்தை மட்டும் விட முடியாது. மாவைப் புளிக்க வைத்து, உள்ளே கசகசாவும் அக்ரூட்டும் அரைத்து அடைத்து, ஆவியில் வேகவைத்துப் பிட்டுக் கொடுத்தார் தோட்டத்து வீட்டம்மா. மேலே நெய்யை ஊற்றுகிறார், நிறுத்தவே இல்லை. நம்மூர்க் கொழுக்கட்டைக்குப் பெரியப்பா மாதிரி ஒன்று. ஒன்றே ஒன்று தின்றேன், ராத்திரிச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

திரும்பி வர டாக்ஸி எடுக்கவில்லை. பெட்டி ஏற்றிய பிக்கப்பில் தொற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெட்டி என் தோளில் சாய்ந்தது. நார்கண்டாவில் டிரைவர் நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். இறங்கும்போது கையில் ஒரு பிட்டைத் திணித்தார். சின்னதுதான், ஆனால் கடித்ததும் முழங்கை வரை சாறு வழிந்தது.